மூன்று சர்வர்களில் முதலாவது

"என்னால போக முடியாது சார்," என்றாள் பூங்கோதை.

தென்காசியில் அவளுடைய அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இந்த வாரம் தாங்குவது கஷ்டம் என்று காலையில்தான் போன் வந்தது.

நஸீர் அவளைவிட வயதில் இளையவர். ஆனால் கம்ப்யூட்டர் சர்வர் வேலையை அவளுக்கு அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"எது தடுக்குது?"

"ஆஸ்பத்திரி டோக்கன் மொத்தமும் என் சர்வர்ல ஓடுது. நான் இல்லாதப்ப விழுந்துட்டா?"

"அதுக்குத்தானே கிளஸ்டர் போட்டீங்க?"

"போட்டேன். மூணையும் சேர்த்துக் கட்டினேன். ஒண்ணு விழுந்தா மத்த ரெண்டும் தாங்கும்."

"நிறுத்திப் பார்த்தீங்களா?"

"மூணாவதை நிறுத்தினேன், ஓடிச்சு. ரெண்டாவதை நிறுத்தினேன், ஓடிச்சு."

"முதலாவதை?"

அதை மட்டும் அவள் நிறுத்திப் பார்க்கவில்லை.

முதலாவது, அவள் தன் கையால் ஒவ்வொன்றாகச் சேர்த்து உருவாக்கியது. மற்ற இரண்டும் அதன் நகல்கள்.

"அது பாவம் சார். அதுதானே எல்லாத்தையும் தாங்குது."

நஸீர் அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஐயோ, இப்ப வேண்டாம். வெளியே ஜனம் நிக்குது."

"அக்கா, ஜனம் என்னைக்கு நிக்கல?"

முதலாவதை நிறுத்தினார்.

கண்ணாடிக்கு அப்பால் டோக்கன் திரை உறைந்து நின்றது.

"போச்சுடா!" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர். "இங்க டாக்டர் வந்தா கம்ப்யூட்டர் படுத்துக்கும். கம்ப்யூட்டர் ஓடினா டாக்டர் வர மாட்டார்."

யாரோ சிரித்தார்கள். பூங்கோதை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

திரை ஒருமுறை சிமிட்டியது.

அடுத்த எண் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. பெரியவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கம்ப்யூட்டரில் முதல் சர்வரின் பெயர் சாம்பல் நிறமாகியிருந்தது. கீழே மற்ற இரண்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

"யாருமே அதைத் தேடலையே சார்."

நஸீர், அவள் அழுது முடிக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தள்ளிக்குங்க. அதைத் திரும்ப ஓட விடறேன்."

நஸீர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"தென்காசிக்கு எத்தனை மணிக்கு பஸ்?"