பதினெட்டு கிலோ கொழுந்து

முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியிலேயே தலையாட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

நெடுங்காட்டுமலை என்ற தேயிலை ஊரில் யாபேஸ் செருப்பும் குடையும் விற்று வந்தார். அவர் ஒரு குவேக்கர். கிறிஸ்தவர்களில் அது ஒரு சிறு கூட்டம். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. ஞாயிறு காலை வட்டமாக உட்கார்ந்து மௌனமாக இருப்பார்கள். யாருக்கு உள்ளிருந்து வார்த்தை எழுகிறதோ அவர் எழுந்து சொல்வார். எல்லா மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி உண்டு என்று நம்புகிறவர்கள். அதனால் யாரையும் அடிக்கமாட்டார்கள், ஏய்க்கமாட்டார்கள், சத்தியம்கூடச் செய்யமாட்டார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால் மற்ற நேரத்தில் பேசியதெல்லாம் என்ன என்று கேட்பார்கள்.

கடையிலும் அதே முறைதான். கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கும் எஸ்டேட் முதலாளிக்கும் ஒரே விலை. முதலாளி தணிகாசலம் பன்னிரண்டு வருடமாக அங்கேதான் பூட்ஸ் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் பேரம் பேசிப் பார்த்தார். ஒரு ரூபாய் இறங்கவில்லை.

அந்த வருடம் தணிகாசலம், ஒரு பெண் ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்தை இருபத்துநான்கு கிலோவாக உயர்த்தினார். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எட்டு நாள் ஆயிற்று. திங்கட்கிழமை வெளியூர் ஆட்கள் கொழுந்து பறிக்கக் காவலோடு வருவார்கள் என்று செய்தி வந்ததும், லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளர் இளைஞர்கள், தேயிலைச் செடியை வெட்டும் கவாத்துக் கத்திகளைத் தீட்ட ஆரம்பித்தார்கள். ரத்தம் சிந்தாமல் முடிய வேண்டும் என்று பெண்களின் தலைவி பேச்சியம்மாள் யாபேஸிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, எங்களுக்காகப் பேசுங்க. பதினெட்டு கிலோ எங்களால முடியும். அதுக்கு மேல ஒரு இலை முடியாது. நீங்க பதினாலுன்னு ஆரம்பிங்க, பதினெட்டுல வந்து நிக்கும்."

"என் கடையில குடை வாங்கியிருக்கே இல்ல, பேச்சி? ரெண்டு விலை சொல்ல எனக்கு வராது. முடியறதைத்தான் சொல்வேன். அதுக்குச் சம்மதம்னா போறேன்."

"சரி சரி, போங்க" என்று அவள் சிரித்தாள். முதலாளி முன்னால் நின்றால் பேரம் தானாக வந்துவிடும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை யாபேஸ் முதலாளி பங்களாவுக்குப் போய்ப் பதினெட்டு என்றார்.

"இருபத்தொண்ணு. நான் இறங்கிட்டேன், நீ கொஞ்சம் ஏறுய்யா" என்றார் தணிகாசலம்.

"பதினெட்டு."

அதற்கப்புறம் யாபேஸ் வாய் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

பேச்சியம்மாளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மறுநாள் காலை எல்லாப் பெண்களோடும் பங்களா வாசலுக்குப் போனாள். "அவருக்கு விவரம் பத்தாது, முதலாளி. எங்க கணக்கு பதினாலு."

தணிகாசலம் ஆள் அனுப்பி யாபேஸை வரவழைத்தார். எல்லோர் முன்னாலும் கேட்டார்: "பதினாலா, பதினெட்டா? நீ சொல்லுய்யா."

யாபேஸ் பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோ தாயி" என்றார். முதலாளியிடம், "பதினெட்டு" என்றார்.

"எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டியே, அண்ணாச்சி" என்றாள் பேச்சியம்மாள்.

தணிகாசலம் தன் பூட்ஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். கத்திகள் கவாத்துக்குத் திரும்பின.

இறங்கி வரும்போது பேச்சியம்மாள் சொன்னாள்: "நான் பதினாலுன்னு கத்தலேன்னா அவர் உங்களைக் கூப்பிட்டே இருக்கமாட்டார்."

யாபேஸ் சொன்னார்: "நானும் பதினாலுன்னு சொல்லியிருந்தா இருபதுல நின்னிருக்கும்."

ஊருக்காகப் பேசப் போனவர் ஊர் சொன்ன எண்ணைச் சொல்லவில்லை. ஊருக்காகக் கத்தியவள் தான் அனுப்பிய ஆளையே பொய்யாக்கினாள். இவர்களில் யார் செய்தது சரி? இரண்டு பேரும் சரி என்று நழுவாதீர்கள்.

விடை: பேரம் பேசியே ஆளானவன் நான், பேச்சியம்மாள் பக்கம்தான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. யாபேஸ் செய்ததே சரி. தன்னால் எது வராது என்று போவதற்கு முன்பே சொன்னார். அவள் 'சரி' என்றாள். அங்கே முடிந்தது வழக்கு. பேரத்தில் கூட்டிக் குறைத்துச் சொல்வது குற்றமில்லை. ஒரே விலைக்காரரை அனுப்பிவிட்டு, பின்னாலேயே இரண்டாவது விலையோடு போனதுதான் அவள் தப்பு. பன்னிரண்டு வருடம் பூட்ஸுக்கே இறங்காத வாய், பதினெட்டு என்றால் அது பதினெட்டுதான் என்று தணிகாசலத்துக்குத் தெரியும். ஆனால் ஒன்பது நாள் பட்டினி கிடந்து மலை ஏறாமல் இருந்தார்களே, அந்தப் பெண்கள் இல்லையென்றால் அந்த உண்மையை எவன் காது கொடுத்துக் கேட்டிருப்பான்? அடுத்த வாரம் பேச்சியம்மாள் குடை வாங்கப் போனாள். விலையைக் குறைக்கச் சொன்னாள். யாபேஸ் குறைக்கவில்லை. திட்டிக்கொண்டே வாங்கிப் போனாள்.