இருமலும் இலுப்பைப் பூவும்

ஒரு காட்டில், ஓடைக்கரைக் குகையில், சடைச்சி என்ற கரடி தன் குட்டியுடன் வாழ்ந்து வந்தாள். குட்டியின் பெயர் துளி. அந்தக் காட்டில் மற்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வயது. துளிக்கு மட்டும் இரண்டு.

அதெப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

துளி பிறக்க வேண்டியது இலுப்பை பூக்கும் பங்குனியில். அவனுக்கு என்ன அவசரமோ, பனி கொட்டும் மார்கழியிலேயே வந்து விழுந்துவிட்டான். சுண்டெலி அளவுதான் இருந்தான். உடம்பில் ஒரு முடி கிடையாது. அழக்கூடத் தெம்பில்லை. அடிக்கடி மூச்சுவிட மறந்துபோவான். சடைச்சி மூக்கால் மெல்ல இடிப்பாள். "அட, ஆமாம்!" என்று நினைவு வந்தவன்போல மறுபடியும் மூச்சு விடுவான்.

சடைச்சி தன் மார்முடிக்குள் அவனைப் புதைத்துக்கொண்டு குகையிலேயே கிடந்தாள். தூங்கவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. யார் பார்க்க வந்தாலும், "ஓடையில கை கழுவிட்டு வா!" என்று வாசலிலேயே உறுமினாள். மயிலுக்குக்கூட அதில் கோபம். "எனக்குக் கையே இல்லையே!" என்றது. "அப்போ காலைக் கழுவு!" என்றாள் சடைச்சி.

பனிக்காலத்தில் பிறந்த மற்றக் குட்டிகள் கண் திறந்தன. தவழ்ந்தன. துளி மட்டும் கண்ணை மூடியபடி கிடந்தான். சடைச்சி விசும்பி விசும்பி அழுதாள். அப்போது பக்கத்துப் பொந்தில் இருந்த முள்ளம்பன்றி பேச்சாயிதான் வந்து அதட்டினாள். அவள்தான் அந்தப் பிரசவத்தைப் பார்த்தவள்.

"எதுக்குடி சடைச்சி, கண்ட குட்டிங்களோட ஒத்துப் பாத்து அழுவுற? அதுங்க நல்லா வெந்து இறங்கின சோறு. இவன் பாதியில இறங்கினவன். இவன் வயசை மார்கழியில இருந்து எண்ணாத. பங்குனியில இருந்து எண்ணு. அப்போ எல்லாம் சரியாத்தான் இருக்கும்!"

அந்தச் சொல் அன்றைக்குச் சடைச்சியின் வயிற்றில் பாலை வார்த்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மார்முடிக்குள் கிடந்த துளியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான் போலிருக்கிறது. ஏனென்றால் பின்னாளில் அவன் அதை மறக்கவே இல்லை.

பனி போய், வெயில் போய், மழையும் போய், அடுத்த பங்குனி வந்தது. இப்போது துளியைப் பார்த்தால் துளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பூசணிக்காய்க்குக் கால் முளைத்தது போல இருந்தான். வாய் நிறையப் பல். பல்லைவிட அதிகமாகப் பேச்சு. மண்ணைத் தின்றான். எறும்பைத் தின்றான். மயிலின் தோகையில் தொங்கி ஊஞ்சலாடினான். ஆனாலும் அவனைத் தொட வருகிறவர்கள் இன்னமும் கை கழுவித்தான் வரவேண்டும். அவன் தூங்கும்போதெல்லாம் சடைச்சி மூக்கால் இடித்துப் பார்த்தாள். "அம்மா! மூச்சு வருது! தூங்க விடு!" என்று கத்துவான் துளி.

அவனுடைய இரண்டு வயதும் அவனுக்கு நன்றாகவே கைகொடுத்தன.

"துளி, கரையான் புத்தை நீயே தோண்டுடா!" என்றால், "நான் பங்குனிப் பிள்ளைம்மா. கைக்குழந்தை!" என்பான்.

அத்திப்பழம் பங்கு போடும்போது பேச்சாயியின் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்பான். "நான் மார்கழிப் பிள்ளை. உங்களுக்கெல்லாம் அண்ணன். பெரிய பழம் எனக்கு!" என்பான்.

"வேலைன்னா பங்குனி, தீனின்னா மார்கழியா?" என்று பேச்சாயி முள்ளைச் சிலிர்ப்பாள். "இவனுக்கு ரெண்டு வயசு வச்சுக் குடுத்தவ நான்தான். என் வாயிலயே நாலு போட்டுக்கணும்!"

நடப்பது மட்டும் அவனுக்கு ஆகவே ஆகாது. எங்கே போனாலும் அம்மாவின் முதுகுதான். கழுத்து முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காட்டையே விலைக்கு வாங்கியவன்போலப் போவான். இறங்கச் சொன்னால் உடனே இருமல் வந்துவிடும். இருமல் வந்தால் சடைச்சி பாறையிடுக்கில் ஒளித்து வைத்திருந்த தேனடையில் கொஞ்சம் பிய்த்து ஊட்டுவாள். தனக்கென்று ஒரு துளி நக்கமாட்டாள். பிறகு ஏன் இருமல் வராது!

அந்தக் காட்டுக்கு ஒரே இலுப்பை மரம். அது பூப்பதும் கொஞ்ச நாள்தான். இனிப்பான அந்தப் பூவைத் தின்று சதை போட்டுக்கொண்டால்தான் கரடிகள் கோடையைத் தாண்டும். முன்பெல்லாம் சடைச்சி மரத்தில் ஏறிக் கிளையை உலுக்குவாள். இப்போது முதுகில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏறுவதாவது! கீழே தனியாக இறக்கி விடுவதாவது! விடியும்போது தானாக உதிர்வதைப் பொறுக்கலாம் என்று இருந்தாள்.

இதே பூவின் மேல் இன்னொருவனுக்கும் கண். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த வக்கணை என்ற நரிதான். அவனுக்கு மரமேறத் தெரியாது. சடைச்சி விடியலில் வந்துவிட்டால் அவனுக்கு ஒரு பூ மிஞ்சாது. ஆனால் வாய்ப்பேச்சில் அவனை மிஞ்ச ஆளில்லை.

பூ உதிரத் தொடங்கிய முதல் நாள், இருட்டு பிரிவதற்குள் வக்கணை குகைவாசலில் வந்து நின்றான். ஈரக் கையை நீட்டிக் காட்டினான்.

"அக்கா! கை கழுவிட்டுத்தான் வந்திருக்கேன். இன்னிக்குப் பனி ஒரு மாதிரியா இறங்குது. பச்சை உடம்புக்காரப் பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய வந்துடாதீங்க. நெஞ்சில கட்டிக்கும்!"

வெதுவெதுப்பான மார்முடிக்குள் சுருண்டிருந்த துளிக்கு எழுந்திருக்கவே மனமில்லை. அவன் பங்குக்கு, "க்ஹும்! க்ஹும்!" என்று இருமினான்.

"பாத்தீங்களா! வெயில் ஏறட்டும் அக்கா. அப்புறம் போகலாம்!"

"சொல்லாமலே கை கழுவிட்டு வர்றான் பாரு. எவ்வளவு நல்ல மனசு!" என்று உருகிப்போனாள் சடைச்சி. துளிக்குத் தேன் கிடைத்தது.

வெயில் ஏறிப் போய்ப் பார்த்தால் மரத்தடியில் காம்பும் சருகும்தான் கிடந்தன. "இந்த வருஷம் பூப்பு சரியில்லை போல" என்று சடைச்சி பெருமூச்சு விட்டாள். புல்லிடுக்கில் கிடைத்த ஒன்றிரண்டு பூவைத் துளிக்கு ஊட்டினாள்.

மறுநாள், "கிழக்கத்திக் காத்து வீசுது அக்கா!" என்றான் வக்கணை. "க்ஹும்!" என்றான் துளி. அதற்கடுத்த நாள், "வானம் மூடாக்கா இருக்கு அக்கா!" "க்ஹும்! க்ஹும்!" ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொள்ளாமலே இரண்டு கள்ளர்களும் சேர்ந்து அந்தத் தாயின் பயத்தில் குளிர்காய்ந்தார்கள். வக்கணையின் வயிறு தொப்பையாகிக்கொண்டே வந்தது. சடைச்சியின் வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டே போனது.

ஒரு நாள் சவாரி போகும்போது துளி நெளிந்தான்.

"அம்மா! உன் முதுகு ஏன் குத்துது?"

"எலும்புடா. பழகிக்கோ."

"முன்னாடி மெத்துன்னு இருந்துதே! அது எங்க போச்சு?"

"பூ தின்னாத்தான் சதை பிடிக்கும். இந்த வருஷம் மரம் சரியாப் பூக்கலையே" என்றாள் சடைச்சி. சொல்லிவிட்டு ஓடைமேட்டில் ஏற முடியாமல் நின்று மூச்சு வாங்கினாள். முன்பு ஒரே தாவலில் ஏறுகிற மேடு அது.

துளி ஒன்றும் பேசவில்லை. துளி பேசாமல் இருப்பது அபூர்வம். உடம்புக்கு ஏதாவது செய்கிறதோ என்று சடைச்சி அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நகத்திடுக்கில் மரப்பட்டைத் தூள் ஒட்டியிருந்தது. இவன் எங்கே மரத்தைத் தொட்டான்? காற்றில் பறந்து ஒட்டியிருக்கும் என்று நக்கிச் சுத்தம் செய்தாள்.

அடுத்த விடியலிலும் வக்கணை ஈரக் கையோடு வந்துவிட்டான்.

"அக்கா! இன்னிக்குப் பனி கொடும் பனி!"

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். இருமல் வரவில்லை. தொண்டையைச் செருமி இன்னொரு முறை, "கொடும் பனி!" என்றான்.

துளி கொட்டாவிதான் விட்டான்.

"என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு இருமல் இல்லையா?"

"வரலை மாமா. வேணும்னா நீங்க இருமுங்க" என்றான் துளி.

வக்கணை ஒரு கணம் திகைத்தான். அடுத்த கணம் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான்.

"ஐயையோ அக்கா! இருமல் வந்தாக்கூடப் பரவாயில்லை. வராம உள்ளேயே நின்னுட்டா அது ரொம்ப ஆபத்து!"

சடைச்சிக்கு உயிரே போய்விட்டது. துளியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "இருமுடா கண்ணு! ஒரு தடவை இருமுடா!"

"எனக்கு ஒண்ணும் இல்லைம்மா! அதெல்லாம் தேனுக்காக இருமினதும்மா!"

"பாருங்க, பிதற்றல் ஆரம்பிச்சிடுச்சு. ஜன்னி!" என்றான் வக்கணை.

"அம்மா! மாமா வாயில இலுப்பைப் பூ வாசம் அடிக்குது! கையைக் கழுவினவரு வாயைக் கழுவ மறந்துட்டாரு!"

"மூக்கும் கெட்டுப்போச்சு!" என்று வக்கணை நெற்றியில் அடித்துக்கொண்டான்.

பேசிப் பயனில்லை என்று துளிக்குப் புரிந்தது. அம்மாவின் பிடியிலிருந்து வழுக்கி இறங்கினான். குகையை விட்டு ஒரே ஓட்டம்! பனியில் நனைந்த புல்லில், தன் சொந்தக் காலில், பூசணிக்காய் உருண்டு போவதுபோல ஓடினான்.

"துளி! விழுந்துடுவே! பனி! நில்லுடா!" சடைச்சி அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். "அக்கா! நீங்க வராதீங்க அக்கா!" என்று வக்கணை அவளுக்குப் பின்னால் ஓடினான்.

சடைச்சி இலுப்பை மரத்தடியை அடைந்தபோது, அங்கே நரிக் குடும்பமே பந்தியில் உட்கார்ந்திருந்தது. தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று பூ. "அதுக்குள்ள ஏன் கூட்டிட்டு வந்தீங்க? இன்னும் பாதி இருக்கே!" என்று வக்கணையின் மனைவி வாய் நிறையப் பூவோடு கேட்டாள்.

சடைச்சி மெல்லத் திரும்பி வக்கணையைப் பார்த்தாள்.

"அக்கா, அது வந்து... கை கழுவிட்டுத்தான் தின்னோம்..." என்று இழுத்தான் அவன்.

சடைச்சி விட்ட உறுமலில் குன்றே அதிர்ந்தது. வக்கணை தொப்பையைத் தூக்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடினான். அவன் குடும்பமும் பின்னாலேயே ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவன் வாலைக்கூட யாரும் பார்க்கவில்லை.

"துளி! எங்கடா இருக்க?"

"இங்கம்மா!"

குரல் மேலிருந்து வந்தது. சடைச்சி அண்ணாந்து பார்த்தாள். துளி உச்சிக்கிளைக்கு ஏறிக்கொண்டிருந்தான். தடுமாறவில்லை. எந்தக் கிளை தாங்கும், எது தாங்காது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மதியத்தில் அவள் கண்ணயர்ந்த நேரத்திலெல்லாம் ஐயா எங்கே போனார் என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நகத்திடுக்கில் இருந்த பட்டைத்தூளும் விளங்கியது.

ஆனால் விளங்கி என்ன? அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சுண்டெலிதான். முடியில்லாத, கண் திறக்காத, மூச்சுவிட மறந்துபோகிற சுண்டெலி. அது அவ்வளவு உயரத்தில் நின்றது. அவளுக்கு நெஞ்சு அப்படியே நின்றுபோனது.

மேலிருந்து துளி எட்டிப் பார்த்தான்.

"அம்மா! மூச்சு விடு!"

சடைச்சி திடுக்கிட்டாள். அவள் மூச்சுவிட மறந்துதான் போயிருந்தாள். "இறங்குடா!" என்று கத்துவதற்காக வாயைப் பெரிதாகத் திறந்தாள். அதே நேரத்தில் துளி கிளையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினான். திறந்த வாய்க்குள் கொத்துக் கொத்தாகப் பூ வந்து விழுந்தது.

வாய் நிறையப் பூ இருக்கும்போது எப்படிக் கத்துவது? சடைச்சி மென்றாள். விழுங்கினாள். அடுத்த உலுக்கலுக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். கண்ணீர் ஒரு பக்கம் வழிந்தது, இனிப்பு ஒரு பக்கம் இறங்கியது. அந்த வருஷத்தில் அவள் வயிறு நிறையத் தின்றது அன்றைக்குத்தான்.

அந்தப் பக்கமாக வந்த பேச்சாயி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "அடியாத்தி! இது பங்குனிப் பிள்ளையா, மார்கழிப் பிள்ளையா?" என்றாள்.

"என் பிள்ளை!" என்றாள் சடைச்சி, வாயைத் துடைத்துக்கொண்டு.

வெயில் ஏறியதும் துளி சறுக்கிக்கொண்டு இறங்கினான். நேராக அம்மாவின் பின்னால் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினான்.

"கால் வலிக்குது. தூக்கு."

"இவ்வளவு பெரிய மரத்தில ஏறினது யாருடா?"

"அது மார்கழிக்காரன். இறங்கினது பங்குனிக்காரன். க்ஹும்! க்ஹும்!"

சடைச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்படியா? மார்கழிக்காரன் பங்குனிக்காரனைத் தூக்கிட்டு நடக்கட்டும்!" என்று முன்னால் நடந்தாள்.

துளி கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். இன்னொரு தரம் இருமிப் பார்த்தான். அம்மா திரும்பவில்லை. சரிதான் போ என்று தன் காலிலேயே குடுகுடுவென்று ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டான். ஓடைமேட்டில் அவனே முதலில் ஏறி, மேலே நின்று, "வாம்மா!" என்று கையை நீட்டினான்.

அன்று பிள்ளையைக் காப்பாற்றிய பயத்தை, பிள்ளை பிழைத்துத் தேறிய பிறகும் மடியில் வைத்துத் தாலாட்டினால், அதனால் வளர்வது பிள்ளையல்ல, நரிதான்.