ஜாவா இளவரசரின் நாற்காலி

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பேண்டு செட். அதன் வாத்தியார் சகாயமேரி. அவளிடம் கிளாரினெட் கற்ற பவுன்ராஜ் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

ஒரு காலை, கல்யாண ஊர்வலத்துக்குக் கிளம்பும் நேரம். பவுன்ராஜ் பட்டுத் தலைப்பாகையும் சரிகை அங்கியுமாக வந்து நின்றார்.

"யாருண்ணே இது?" என்றாள் சகாயமேரி.

"ஜாவா இளவரசர். மதுரையில ஒரு ஓட்டல் மேடைக்குக் கூப்பிடுறாங்க. இந்த வேஷத்துல வந்து வாசிக்கணும், நான் யாருன்னு வாயைத் திறக்கக் கூடாது. பதினைஞ்சு வருஷமா நடந்துக்கிட்டே வாசிக்கிறேன், வாத்தியாரம்மா. ஒருத்தரும் உட்கார்ந்து கேட்டதில்ல. சாகிறதுக்குள்ள ஒருதடவை கேட்க வைக்கணும். போகலாமா? இல்ல, இது பித்தலாட்டமா?"

"இப்படியே ஊர்வலத்துக்கு வாங்க."

ஊர்வலம் ரைஸ்மில் முதலாளி வீட்டு வாசலை அடைந்தது. பேண்டுக்காரர்களுக்கு அந்த வாசல்தான் எல்லை, சோறுகூட வெளியேதான். பவுன்ராஜின் கால்கள் பழக்கத்தில் தாமாகவே நின்றன.

முதலாளி தலைப்பாகையைப் பார்த்தார். "இவர் யாரு?"

"ஜாவா இளவரசராம்," என்றாள் சகாயமேரி.

"இளவரசரை வெயில்ல நிறுத்தலாமா?" என்று முதலாளி அவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கூடத்தின் நடுவே நாற்காலி போட்டார். தன் கையாலேயே ரோஸ்மில்க் கொடுத்தார்.

பவுன்ராஜ் வாசித்தார். கூடம் அடங்கியது. சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்றார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஊர்ல எவனுக்கு இப்படி வரும்?"

பவுன்ராஜ் எழுந்து வாசலுக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது.

"என்ன வாசிச்சீங்க?" என்றாள் சகாயமேரி.

"இவரோட மூத்த மகன் கல்யாணத்துக்கு இதே வாசல்ல வாசிச்சதுதான்."

"அன்னிக்கு என்ன சொன்னாரு?"

"சத்தத்தைக் குறைக்கச் சொன்னாரு."

சகாயமேரி சிரித்தாள். பவுன்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உள்ளேயிருந்து இன்னொரு பாட்டு கேட்கிறாங்க," என்றார். "தலைப்பாகையைக் கழற்றிடவா, வாத்தியாரம்மா?"

"எதுக்கு? அது உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. போய் அதே நாற்காலியில உட்காருங்க. உங்க பேரையும் தெருவையும் சொல்லிட்டு வாசிங்க. எவன் வந்து நாற்காலியைப் பிடுங்குறானோ, அவன்தாண்ணே வேஷக்காரன்."