தணிகாசலத்தின் புதுப் பாஸ்வேர்ட்

கட்டட உரிமையாளர் தணிகாசலம் லேப்டாப்போடு ஜெசிந்தாவின் ரிப்பேர் கடைக்குள் நுழைந்தார். "போன வாரம் ரிப்பேருக்கு வந்தப்ப என் பாஸ்வேர்டைப் பாத்துட்டே. பாக்கலைன்னா நிரூபி. இல்லாட்டி கடையைக் காலி பண்ணு."

கஸ்டமர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஜெசிந்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தணிகாசலம் வந்தால் காதையும் அல்லவா திருப்பிக்கொள்ள வேண்டும்!

"இப்பவே புதுசா மாத்திடுங்க ஐயா. நான் பக்கத்து டீக்கடையில நிக்கிறேன். அங்க இருக்கிறவங்க சாட்சி."

தணிகாசலம் வழக்கம்போல ஒற்றை விரலால் தேடித் தேடி, ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லியபடியே அடித்தார். பிறகு வெளியே வந்து மீசையைத் தடவினார்.

"இப்ப பாத்தியா?"

"நாங்க யாருமே பாக்கலை ஐயா."

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஐயா, கடைசி நம்பர் ஏழா, எட்டா? பாய்லர் சத்தத்துல சரியா கேக்கலை."