தலையசைத்தால் ஒப்பு ஆகாது

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஆண்டுதோறும் ஒரு சனி, ஞாயிறு இலக்கிய விழா நடக்கும். எழுத்தாளர்கள் வருவார்கள், பேசுவார்கள், வாசகர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கூட்டம் அலைமோதுவது சனிக்கிழமை மாலைச் சொற்போருக்குத்தான். புத்தகம் வாங்காதவர்கள்கூட அதற்கு முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள்.

அந்தச் சொற்போருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிராளியை மறுக்கும் முன் அவர் சொன்னதை நீங்கள் சொல்லிக் காட்ட வேண்டும். அவர் கேட்டுவிட்டு, "அதுதான் என் கட்சி" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். இதற்கு ஒப்பு வாங்குவது என்று பெயர். ஒப்பு வாங்காமல் மறுக்கத் தொடங்கினால் நடுவர் மணியை அடித்து உட்கார வைத்துவிடுவார். தீர்ப்பும் அன்றைக்கே கிடையாது. ஓர் இரவு ஊறட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மாலைதான் சொல்வார்கள்.

நடுவர் கோமதி டீச்சர். அவருடைய மாணவர் சவரிமுத்து. மாணவர் என்றதும் அரும்பு மீசையை நினைத்துக்கொள்ள வேண்டாம். டீச்சரைவிட அவருக்கு வயது கூடுதல். டீச்சரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே நடுவயதில் மேடை ஆசை வந்து, பேசக் கற்றுக்கொடுங்கள் என்று டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றவர். அன்றிலிருந்து டீச்சர் இல்லாத மேடையில் அவரும் பேசியதில்லை.

இந்த விழாவோடு நடுவர் நாற்காலியை விட்டுவிடப் போவதாக டீச்சர் அறிவித்திருந்தார். அடுத்து அதில் உட்காரப்போவது யார் என்பதையும் தீர்ப்போடு சொல்வதாக இருந்தது. சவரிமுத்துவுக்கு அந்த நாற்காலி வேண்டும். வெளியே சொல்லமாட்டார், ஆனால் அவர் மனைவி சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் போட்டு முடித்துவிட்டார்.

சனிக்கிழமைத் தலைப்பு, வீட்டுக் கதையை வெளியே எழுதலாமா என்பது. எழுதலாம் என்ற கட்சிக்கு இசக்கியம்மாள் என்ற நாவலாசிரியை வந்திருந்தார். சொல்பேச்சு கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட தன் அக்காவின் பெயரையே வீட்டில் சொல்லக்கூடாது என்று தடுத்த தன் அப்பாவைப் பற்றி அவர் எழுதியிருந்தார். அது அவருக்கு முதல் நாவல். மேடையும் அதுதான் முதல். மைக்கைவிட்டுத் தள்ளி நின்று தாழ்ந்த குரலில் பேசினார். அவர் பேசும்போது சவரிமுத்து மும்முரமாகக் குறிப்பு எடுத்தார். எடுத்ததெல்லாம் தான் அடிக்கப்போகும் நகைச்சுவைக்கான குறிப்பு.

பிறகு, எழுதக்கூடாது என்ற கட்சிக்குப் பேச அவர் எழுந்தார். இசக்கியம்மாள் கட்சியை எதுகை மோனையோடு எடுத்து வைத்தார். வாயில்லாதவர்களுக்கு எழுத்தாளரே வாய், ஆகவே அவர் யாரைப் பற்றியும் எழுதலாம் என்று முழங்கினார். மண்டபம் கைதட்டியது. இசக்கியம்மாள் திகைத்துப்போய்த் தலையசைத்தார். சவரிமுத்து மேலே போய்விட்டார்.

"அந்த அக்கா இவங்ககிட்ட வாய் கேட்டாங்களா? உயிரோட இருந்தப்ப ஒரு சேலை எடுத்துக் கொடுக்க மனசு வரல. செத்தபிறகு அழகா ஒரு அட்டை போட்டுக் கொடுத்திருக்காங்க."

கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அந்தச் சிரிப்பில் இசக்கியம்மாள் எப்போது மேடையை விட்டு இறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சவரிமுத்து டீச்சரைத் தேடிப் போனார். டீச்சர் அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. டீச்சர் கோபப்பட்டால் சவரிமுத்துவுக்குப் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம்.

"ஒப்பு வாங்கித்தான டீச்சர் மறுத்தேன்? என் பேச்சுல என்ன குறை?"

"இதைப் படிச்சீங்களா அண்ணாச்சி?"

"பார்த்தேன்."

பார்த்தேன் என்பது பின்னட்டையை மட்டும் படித்ததற்குப் பேச்சாளர்கள் வைத்திருக்கும் மரியாதையான சொல். டீச்சருக்கு அது தெரியாதா என்ன? பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "சாயங்காலம் பதில் சொல்லுதேன்" என்றார்.

பகல் முழுக்கச் சவரிமுத்து விழா வளாகத்தையே சுற்றி வந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கி, நாற்காலி உங்களுக்குத்தான் என்றார்கள். இசக்கியம்மாள் அன்று பேச வேண்டிய அரங்கை ரத்து செய்துவிட்டார் என்ற செய்தியும் காதில் விழுந்தது. சவரிமுத்து அதைக் கேட்காதது மாதிரி இருந்துகொண்டார்.

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. டீச்சர் மைக் முன்னால் வந்தார்.

"நேத்து ஒப்பு விழல. அவங்க தலைதான் ஆடிச்சு, வாய் திறந்து சொல்லல. கைதட்டல்ல நானும் கவனிக்காம விட்டுட்டேன், அது என் தப்பு. ஒப்பு இல்லாம தீர்ப்பு சொல்ல முடியாது. அண்ணாச்சி, அந்தம்மா எதுத்தாப்ல பஸ் ஸ்டாண்டுல இருக்காங்க. போய் வாங்கிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. விழாச் செயலாளர் தாணு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சவரிமுத்துவுக்குக் காது இரண்டும் சுட்டது. இத்தனை பேர் முன்னால் முடியாது என்றால் நாற்காலி போச்சு. இறங்கி நடந்தார். வாசலைத் தாண்டியதும் ஓடினார்.

பேருந்து புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரம் இசக்கியம்மாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சவரிமுத்து கீழே நின்று, மூச்சு வாங்க, வந்த காரியத்தைச் சொன்னார். நேற்று மேடையில் முழங்கியதையே மறுபடி சொன்னார்.

"இல்ல" என்றார் இசக்கியம்மாள்.

சவரிமுத்து எதுகையைக் கழித்துவிட்டுச் சொன்னார்.

"அதுவும் இல்ல."

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். பிறகு நீங்கள் என்னதான் சொன்னீர்கள் என்று சவரிமுத்து கேட்டார்.

"நேத்து சொன்னேனே. புத்தகத்துலயும் இருக்கே. நீங்க படிக்கலையா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. மேடையாக இருந்திருந்தால் தாண்டியும் வந்திருக்கும்.

"பின்னட்டைதான் படிச்சேன்."

இசக்கியம்மாள் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா செத்த சேதி வந்தப்ப எங்க வீட்டுல யாரும் போகல. நானும் போகல. அப்பா என்னைக் கட்டியா போட்டாரு? கதவு திறந்துதான் கிடந்துச்சு. போகாம உள்ள உக்காந்திருந்தேன். அக்கா கதையை நான் எழுதல சார். போகாம இருந்தவ கதையை எழுதினேன். அது என் கதை. அதுக்கு நான் யாருட்ட கேக்கணும்?"

நடத்துநர் விசில் ஊதினார். பேருந்து உறுமியது. சவரிமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேடைக்குரலை எங்கேயோ விட்டுவிட்டு, கேட்டதைக் கேட்டபடியே சொன்னார். கதவு திறந்து கிடந்ததைச் சொல்லும்போது அவர் குரல் தடுமாறியது. வெட்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவர் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"அதுதான் என் கட்சி" என்றார் இசக்கியம்மாள்.

"இறங்கி வாங்களேன் அம்மா. நீங்களே வந்து சொல்லுங்க."

"வேண்டாம். நீங்க சொன்னாப் போதும்."

பேருந்து போய்விட்டது. சவரிமுத்து தூசிக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தார். இந்த முறை ஓடவில்லை.

மண்டபம் காத்திருந்தது. ஒப்பு கிடைத்ததா என்று டீச்சர் கேட்டார். கிடைத்தது என்றார். அப்படியானால் சபைக்குச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். சவரிமுத்து சொன்னார். தாழ்ந்த குரலில்தான் வந்தது. முன்வரிசையில் சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

"நல்லது. இனி மறுத்துப் பேசுங்க அண்ணாச்சி. உங்க நேரம் தொடங்குது."

சவரிமுத்து வாயைத் திறந்தார். நேற்றைய குறிப்புகள் சட்டைப்பையில் இருந்தன. சேலை, அட்டை, எல்லாம் மனப்பாடம். டீச்சர் எழுந்து நின்றதால் ஓரமாக அந்த நடுவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. எட்டிப் பிடித்தால் கைக்கு வரும். ஒரு வாக்கியம் போதும், இத்தனை வருஷத்தில் அவருக்கு வராத வாக்கியமா?

வாயை மூடினார்.

மைக்கைப் பிடித்தபடியே நின்றார். யாரோ ஒருவர் இருமினார். டீச்சர் மணியைத் தொடவில்லை.

செயலாளர் தாணுவுக்குத்தான் பொறுக்கவில்லை. மேடையோரம் வந்து, "நேரம் போகுது டீச்சர். தீர்ப்பு என்னாச்சு?" என்று கேட்டார்.

"சத்தம் போடாம கேளுங்க. அண்ணாச்சி தீர்ப்பைச் சொல்லிக்கிட்டுதான இருக்காங்க" என்றார் டீச்சர்.