ஆரஞ்சு விளக்குக்கு வைத்த பொட்டு

கோமதி அம்மையின் ஆசிரமத்தில் யாரும் அந்தக் காரைக் கேட்கவில்லை. வெளிநாட்டுக்குக் குடிபோன பக்தர் ஒருவர், விற்க மனசு வராமல், வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சாவியைத் தாம்பாளத்தில் வைத்துக் கும்பிட்டுப் போனார். பெரிய கம்பெனியின் சொகுசு எஸ்யூவி. உருவத்தில் சின்னது, செலவில் பெரியது. தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில், தகரக் கூரை போட்ட பஜனை மண்டபத்துக்குப் பக்கத்தில் அது நின்ற நிற்பைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது.

ஓட்டும் பொறுப்பு ஆவுடையப்பனுக்கு வந்தது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையைவிடப் பதினைந்து வயசாவது மூத்தவர். ஆனாலும் அவருக்கு அவள் குரு, அவளுக்கு அவர் அண்ணாச்சி. இந்த உறவுமுறை இரண்டு பேருக்கும் சௌகரியமாகவே இருந்தது.

கார் பார்க்க லட்சணம். குணம்தான் கொஞ்சம் முன்னே பின்னே. சாரல் காலத்தில் கூரைக் கண்ணாடி ஓரத்துக் குழாய் அடைத்துக்கொண்டு அம்மையின் தலையில் சொட்டும். "குத்தாலத்துக்குப் போவ வேண்டாம், அதுவே வந்துட்டு" என்பாள் அவள். நடுவழியில் ஸ்டீரிங்குக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் திரை இருண்டுபோகும். டயரில் ஆணி குத்தினால் பஞ்சர் ஒட்ட மாட்டார்கள், புதுசுதான் போட வேண்டும். பேட்டரியை மாற்றினால் மட்டும் போதாது; மாற்றிவிட்டோம் என்பதைக் கம்ப்யூட்டரை மாட்டி வண்டிக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். இது அத்தனைக்கும் மதுரைக்குத்தான் போக வேண்டும்.

மதுரையிலிருந்து வரும் ஒவ்வொரு பில்லையும் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மாள் அரிசி மூட்டையாக மாற்றித்தான் படிப்பாள்.

"ஒரு சென்சாருக்கு ஆறு மூட்டை அரிசியா? அம்மை, இது காரு இல்ல, கல்யாணப் பந்தி. அடுத்தாப்புல மதுரைக்குப் போச்சுன்னா அங்கனயே வித்துட்டு வந்துருவோம்."

"சரி" என்றாள் அம்மை.

அந்த ஒற்றைச் சொல் ஆவுடையப்பனின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அவருக்குக் கார்ப் பைத்தியம் என்றுதான் ஆசிரமத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவருக்குப் பைத்தியம் காரின் மேல் இல்லை. ஆசிரமத்தில் அம்மை எல்லாருக்கும் அம்மை. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வருவாள், நிலத்தகராறோடு ஒருத்தர் வருவார். காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால், பக்கத்து இருக்கையில் இருப்பவள் அவருக்கு மட்டும் குரு. மனைவி போன பிறகு அவர் மனசுவிட்டு யாரிடமாவது பேசியிருக்கிறார் என்றால் அது ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டுதான். கார் போனால் அதுவும் போகும். இதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில், வண்டியைக் கிளப்பியதும், ஸ்டீரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. கூடவே 'டிங்' என்று ஒரு மணி. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியும். மதுரைக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும்.

அவர் தண்ணீரை ஊற்றி நிரப்பினார். இரண்டு நாளில் விளக்கு மறுபடியும் வந்தது.

அம்மை பக்கத்தில் இருக்கும்போது மணி அடிக்கிற நேரம் பார்த்து அவர் இருமப் பழகிக்கொண்டார். இருமல் நன்றாகவே வந்தது. அம்மை கவலைப்பட்டுச் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுத் தன் கையாலேயே கஷாயம் வைத்துக் கொடுத்தாள். நாக்கு வெந்தாலும் அவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மணிக்கு இருமல் ஆயிற்று. விளக்கை என்ன செய்ய?

அதற்கு ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணையிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை ஆசிரமத்தில் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஆவுடையப்பன் கிண்ணத்தோடு காருக்குப் போனார். முன் கண்ணாடியில் ஒரு பொட்டு, ஸ்டீரிங்கில் ஒரு பொட்டு. அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, விளக்கு எரிகிற இடத்தை மறைத்துக் கனமாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்தார். கும்பிடவும் செய்தார்.

பூஜை முடிந்த வாரம் ராஜபாளையம் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். புளியங்குடிக்கு முன்னால் ரோட்டோரம் எலுமிச்சைத் தோட்டங்கள். ஆவுடையப்பன் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"அம்மை, இந்தப் பயம் மனுசனுக்குள்ள எங்கன இருக்கு? தேடுனா அகப்பட மாட்டேங்கு."

அம்மை ஸ்டீரிங்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதென்ன பொட்டு?"

"ஆயுத பூசைக்கு வச்சது அம்மை."

"கண்ணாடியில வச்சீய, சரி. ஸ்டீரிங்ல வச்சீய, சரி. இங்க எந்தச் சாமி இருக்கு?"

அவருக்கு இருமல் வந்தது. இந்தத் தடவை மணி அடிக்காமலே வந்தது.

ஏசியில் அனல் அடிக்கத் தொடங்கியது. பொட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக இன்னொரு விளக்கு எரிந்தது. நிறுத்த வேண்டும் என்று அவர் கால் சொல்லிற்று. நிறுத்தினால் மதுரை. புளியங்குடி இன்னும் கொஞ்ச தூரம்தானே, போய்விடலாம் என்று மிதித்தார். இரண்டு வளைவு தாண்டியதும் பானட்டுக்குள்ளிருந்து இட்லிக் கொப்பரையைத் திறந்தது போல ஆவி கிளம்பிற்று. கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

அவர் மதுரைக்குப் போன் போட்டார். சர்வீஸ் சென்டர் ஆள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"ஆரஞ்சு லைட் வந்தப்பவே கொண்டு வந்திருந்தீங்கன்னா ஒரு பிளாஸ்டிக் பைப்போட போயிருக்கும் சார். இப்ப இன்ஜினையே இறக்கணும். மூணு லட்சத்துக்குக் குறையாது. பக்கத்து ஊர்ல இருந்தே வண்டி இழுக்க லாரி அனுப்புறேன்."

ஆவுடையப்பன் மனசுக்குள் அரிசி மூட்டைகளை எண்ணிப் பார்த்தார். எண்ணி மாளவில்லை. போனை வைத்துவிட்டு ரோட்டோரத்து மைல்கல்லில் உட்கார்ந்தார்.

அம்மை காருக்குள் கையை விட்டு, காய்ந்த பொட்டை நகத்தால் சுரண்டினாள். உள்ளே ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"பயம் எங்கன இருக்குன்னு கேட்டீயல்லா?" என்றாள். "எம்புட்டு லட்சணமாப் பொட்டு வச்சிருக்கீய, பாருங்க."

பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"அந்த இருமல் பொய் அம்மை."

"தெரியும்."

"தெரிஞ்சேவா கஷாயம் வச்சுத் தந்தீய?"

"தெரிஞ்சதுக்கு அப்புறந்தான் மிளகைக் கூட்டிப் போட்டேன். என்னத்துக்கு இருமுதீயன்னுதான் தெரியல. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அம்மை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். விளக்கு வந்த நாள், தண்ணீர் ஊற்றியது, பூஜை அன்று கும்பிட்டது, எதையும் விடவில்லை. ஏன் செய்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

"காரு மேல அம்புட்டு ஆசையா?" என்று அம்மை கேட்டாள்.

"காருல என்ன அம்மை இருக்கு? மழை பேஞ்சா ஒழுகுத வண்டி." அவர் துண்டை மடியில் வைத்து மடித்தார். "அதுல ஏறுனாத்தான் நீங்க எனக்குக் கெடைக்கீய. வித்துட்டா நானும் கூட்டத்துல ஒருத்தன்."

அம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் இழுவை லாரி வந்து, காரைச் சங்கிலியால் தூக்கி ஏற்றியது. வந்த ஆள் சாவியை வாங்கிக்கொண்டு கேட்டான்.

"மதுரையில கேக்கச் சொன்னாவ. ரிப்பேர் பாக்கவா, இப்படியே வித்துக் குடுத்துருதீயளா?"

ஆவுடையப்பன் அம்மையைப் பார்க்காமல் நின்றார்.

"குடுத்துருவோம்" என்றாள் அம்மை. "வாங்குதவங்ககிட்ட ஒண்ணு விடாமச் சொல்லித்தான் குடுக்கணும். கூரை ஒழுகுததுல இருந்து சொல்லணும். விலை கொறைஞ்சாக் கொறையட்டும். இந்த அண்ணாச்சியே வந்து சொல்லுவாரு."

அவர் தலையை ஆட்டினார். லாரி புறப்பட்டது. காலியான இருக்கைகளோடு கார் வளைவில் மறைகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

தென்காசி பஸ் வந்தது. கூட்டம்தான். முன்பக்கம் இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்று காலியாயிற்று. அம்மை ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காண்பித்தாள். ஆவுடையப்பன் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்தார். எதிரே கம்பிக்கு அப்பால் தெரிந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கால், இல்லாத பிரேக்கை ஒவ்வொரு வளைவிலும் மிதித்தது.

ரொம்ப நேரம் கழித்து, அப்படியே ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"இனிமே நான் உங்ககிட்ட எப்பம் அம்மை பேச?"

"இதே மாதிரி பஸ்ல போகும்போது."

"பஸ்ல கூட்டமால்லா இருக்கும்."

"இருந்துட்டுப் போகுது" என்றாள் அம்மை. "காருல எம்புட்டோ கேட்டீய. நானும் பதில் சொன்னேன். ஒருதடவையாச்சும் பதில் சொல்லுத என் முகத்தைப் பாத்திருக்கீயளா? ரோட்டைத்தான் பாத்தீய. இப்பம் வேற ஆளு ஓட்டுதாரு. இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க அண்ணாச்சி."