பக்கத்து இலை

ஒரு காலத்திலே, எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், மரம் பேசினால் மனுஷன் நின்று கேட்ட அந்தக் காலத்திலே, கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ஜனங்களுக்கு முகம்தான் எல்லாம். காவல் வேலைக்குக்கூட மூக்கும் முழியும் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள்.

அந்நாட்டு இளவரசன் நீலவேந்தன் கொள்ளை அழகு. அவன் மனைவி சித்திரவல்லி கெட்டிக்காரி. ஆனாலும் பொய் சொல்வானேன், அவளும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் மாலை போட்டாள். அழகு பிடிக்காது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நீங்களும் நம்பாதீர்கள்.

ஒரு நாள் வேட்டைக்குப் போன நீலவேந்தன், காட்டுச் சுனையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தான். பின்னால் வந்து நின்றான் கரும்புகையன் என்ற மந்திரவாதி. முகமெல்லாம் கொப்புளம், கையெல்லாம் மரு, குரலோ தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி.

"நான் ராஜா ஆகணும். இந்த மூஞ்சியோட போனா வாசல்லகூட நிக்க விடமாட்டேங்கிறாங்க. உன் மூஞ்சியைக் குடு!" என்று சொல்லிச் சுனைத் தண்ணீரை அள்ளி வீசினான்.

அவ்வளவுதான். இவன் உருவம் அவனுக்குப் போயிற்று, அவன் உருவம் இவனுக்கு வந்தது. குரலும் மாறிவிட்டது. இளவரசன் மனதில் இருந்த ஞாபகங்களை எல்லாம் மந்திரவாதி படித்தும் கொண்டான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? அதுதான் இல்லை. "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள யாராவது உன் கையைப் பிடிச்சு, 'இளவரசர் நீங்கதான்'னு மனசாரச் சொன்னா மந்திரம் உடைஞ்சிடும். இதை நீ வெளியே சொன்னா அந்த நிமிஷமே சாம்பல். இந்தக் கையை யாருடா பிடிப்பாங்க?" என்று சிரித்தான்.

சிரித்துவிட்டு, நீலவேந்தனைக் கயிற்றில் கட்டிக் குதிரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போனான்.

"அப்பா, இந்த மந்திரவாதி தான்தான் இளவரசன்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். தலையை வாங்கிடுங்க!"

"நான்தாம்ப்பா நீலவேந்தன்!" என்று கதறினான் கட்டுண்டவன். அந்தக் குரலைக் கேட்டே பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ராணி கேட்டாள்: "சின்ன வயசுல நீ எதுக்குப் பயப்படுவே?"

"இடிக்கு," என்றான் அழகன். "இடிக்குத்தாம்மா," என்றான் அவலட்சணம்.

"மந்திரத்தால தெரிஞ்சுக்கிட்டான்!" என்று சபை கத்தியது.

ராஜா கேட்டார்: "உன் முதல் குதிரை பேர் என்ன?"

"செவலை," என்றான் அழகன். "செவலைதாம்ப்பா," என்றான் அவலட்சணம்.

"மந்திரத்தால தெரிஞ்சுக்கிட்டான்!"

மந்திரி கேட்டார்: "என்னிடம் முதலில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?"

"நீச்சல்," என்றான் அழகன். "நீச்சல்தான் மந்திரியாரே," என்றான் அவலட்சணம்.

"மந்திரத்தால தெரிஞ்சுக்கிட்டான்!"

பார்த்தீர்களா நியாயத்தை? இரண்டு பேரும் சொன்னது ஒரே பதில். ராணி அழகனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த நாட்டில் பொழுது சாயும்போதுதான் தலை வாங்குவார்கள். அதிலும், புருஷன் என்று சொல்லிக்கொண்டு வந்தவனைக் கொல்ல மனைவியின் சம்மதம் வேண்டும். எல்லோரும் சித்திரவல்லியைப் பார்த்தார்கள். தப்பாகச் சொன்னால் புருஷன் தலை போகும். அவன் தலையை எடுத்தவனோடு காலம் முழுக்கக் குடித்தனம் நடத்த வேண்டும்.

கேள்வி கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. "கட்டை அவிழ்த்து விடுங்க. ரெண்டு பேருக்கும் இலை போடுங்க," என்றாள். "சாப்பிட்டு முடிச்சு யார் முதல்ல என் முன்னாடி வந்து நிக்கிறாரோ, அவர் கையைப் பிடிப்பேன். மத்தவர் தலை போகட்டும்."

இரண்டு இலைக்கும் நடுவில் இன்னொரு இலை போடச் சொல்லி, வாயில்காப்போனின் தகப்பனார் சடையாண்டிக் கிழவரை உட்கார வைத்தாள். கிழவருக்கு வாயில் ஒரு பல் கிடையாது.

சோறு வந்தது, சாம்பார் வந்தது, ரசம் வந்தது. வெயில் மதிலேறிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். கிழவர் மட்டும் ஒவ்வொரு பருக்கையையும் குழைத்துக் குழைத்துச் சாப்பிட்டார்.

இரண்டு பேரும் ஒன்றாகவே முடித்தார்கள். இருவரும் எழுந்தார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் எழுவதைப் பார்த்த கிழவர், மரியாதைக்குத் தானும் எழ வேண்டும் என்று மோர்ச்சோற்றைப் பாதியில் விட்டு இலையை மடிக்கப் போனார்.

அழகன் அதைக் கவனிக்கவே இல்லை. தாவி ஓடினான்.

அவலட்சணம் கவனித்தான். சித்திரவல்லி நின்ற வாசலைப் பார்த்தான், தலை வாங்கக் காத்திருந்தவனின் வெட்டரிவாளைப் பார்த்தான், கிழவரின் இலையைப் பார்த்தான். மெல்லத் திரும்ப உட்கார்ந்தான்.

"நீங்க சாப்பிடுங்க ஐயா. அவசரமில்லை," என்றான்.

சித்திரவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனோடு எத்தனை விருந்துக்குப் போயிருக்கிறாள்! பக்கத்து இலைக்காரர் முடிக்காமல் அவன் எழுந்ததே இல்லை. "எல்லாரும் கிளம்பிட்டாங்க, எழுந்திருங்களேன்" என்று எத்தனை தடவை சிடுசிடுத்திருக்கிறாள்!

அழகன் அவள் முன்னால் கையை நீட்டினான். "நான்தான் முதல்ல வந்தேன். வாக்குக் குடுத்திருக்கே."

"குடுத்தேன். பொய் வாக்கு," என்றாள் சித்திரவல்லி.

மதில் உச்சியில் ஒரு கீற்று வெயில்தான் மிச்சம். அவள் ஓடினாள். கொப்புளம் வெடித்த அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் குமட்டியது. ஆமாம், குமட்டத்தான் செய்தது. அவளும் மனுஷிதானே! ஆனாலும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மருவேறிய எச்சில் கையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இளவரசர் நீங்கதான். என் வீட்டுக்காரர் நீங்கதான்."

ஒன்றும் நடக்கவில்லை. அழகன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்க அந்தச் சிரிப்பு தகரச் சத்தமாக மாறியது. முகத்தில் ஒரு கொப்புளம் எழுந்தது, இன்னொன்று எழுந்தது, அப்படியே கரியாகிப் பொலபொலவென்று உதிர்ந்துபோனான் கரும்புகையன்.

சித்திரவல்லி பிடித்திருந்த கை, நீலவேந்தனின் கையாக இருந்தது.

"பெத்த பிள்ளையை மூஞ்சியைப் பார்த்து விட்டுட்டேனே!" என்று அலறிக்கொண்டு ராணி ஓடிவந்தாள். ராஜாவும் தலைகுனிந்து வந்தார். எழுந்து வா, கண்ணே, என்று இருவரும் கையை நீட்டினார்கள்.

"கொஞ்சம் இருங்கம்மா," என்றான் நீலவேந்தன், உட்கார்ந்தபடியே. "பெரியவர் சாப்பிடட்டும்."

ராஜா காத்து நின்றார். ராணி காத்து நின்றாள். அரிவாள்காரனும் காத்து நின்றான். நடந்தது எதையும் கவனிக்காத சடையாண்டிக் கிழவர் நிமிர்ந்து பார்த்து, "தாயீ, இன்னும் கொஞ்சம் மோர் கிடைக்குமா?" என்றார்.

சித்திரவல்லி ஓடிப்போய் எடுத்து வந்து ஊற்றினாள். அவர்கள் அங்கே சுகமாக இருந்தார்கள். கேட்ட நீங்களும் இங்கே சுகமாக இருங்கள்.